மேசையில் இரண்டு கணினி, ஒரே கீபோர்ட், ஒரே பிரிண்டர்: எந்தச் சுவிட்சை வாங்குவது?

திருகோணமலையில் கொம்யூனிகேஷன் கடை, ரியூஷன் நிலையம், சங்க அலுவலகம் என்று எதற்குள் நுழைந்தாலும் இதைப் பார்க்கலாம். ஒரு மேசையில் இரண்டு மூன்று கணினி, நடுவில் ஒரே பிரிண்டர், ஒவ்வொரு தடவையும் பின்னால் குனிந்து வயரைக் கழற்றி மாற்றும் ஒருவர். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் இதே பாடுதான். அலுவலகம் தந்த லப்டொப் ஒன்று, சொந்தக் கணினி ஒன்று, இரண்டு மவுஸ், இரண்டு கீபோர்ட், காப்பிக் கோப்பை வைக்க இடமில்லை.

இதைத் தீர்க்க ஒரு சின்னப் பெட்டி போதும். ஆனால் அந்தப் பெட்டியில் பல வகை உண்டு. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், விலை மட்டும் பத்து மடங்கு வித்தியாசப்படும். நம் ஊரில் இவற்றை எடுத்துவைத்து விளக்கும் கடைகள் குறைவு. கொழும்பிலிருந்து எடுப்பித்தால் பிழையான பொருளை மாற்றுவது பெரும் அலைச்சல். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். இரண்டு கணினி உள்ள மேசைகளில் பெரும்பாலானவற்றுக்கு விலைகூடிய கேவிஎம் சுவிட்ச் (கீபோர்ட், படம், மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் மாற்றும் பெட்டி) தேவையில்லை. யூஎஸ்பியில் குத்தும் சாமான்களை மட்டும் ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடும் சாதாரண யூஎஸ்பி சுவிட்ச் ஒன்றும், உங்கள் மொனிட்டரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டாவது உள்ளீடும் (படம் உள்ளே வரும் துளை) போதும். பிரிண்டர் மட்டும்தான் பிரச்சினை என்றால் சுவிட்சே வேண்டாமல் போகலாம்.

1. கடைக்குப் போகமுன் ஒரு தாள் எடுங்கள்

தாளின் மேலே இந்தக் கேள்வியை எழுதுங்கள்: ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்களா, அல்லது ஒரே ஆள் இரண்டு கணினியை மாறி மாறிப் பார்க்கிறாரா? எல்லாத் தெரிவும் இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது. ஒரே ஆள் என்றால் கீபோர்ட், மவுஸ், மொனிட்டர் மாறவேண்டும். இரண்டு பேர் என்றால் அவரவர்க்கு அவரவர் கீபோர்ட் இருக்கும், பிரிண்டரும் ஸ்கேனரும் மட்டும் பொதுவாக வேண்டும். முதலாமவருக்குரிய பெட்டியை இரண்டாமவர் வாங்கினால் அது அலுமாரிக்குள்தான் போகும்.

அப்புறம் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி. படம் வெளியே வரும் துளை எது: விஜிஏ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், டைப் சி? எத்தனை யூஎஸ்பி துளை சும்மா இருக்கிறது? விண்டோஸ் எந்தப் பதிப்பு? கணினிகளுக்கு இடையில் எத்தனை அடி? மொனிட்டரின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே எச்டிஎம்ஐ துளை இரண்டு இருந்தாலோ, ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு விஜிஏயும் இருந்தாலோ, உங்கள் செலவில் பாதி அங்கேயே குறைந்துவிட்டது. கைத்தொலைபேசியில் எல்லாத் துளைகளையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் விளக்குவதைவிடப் படத்தைக் காட்டுவது நூறு மடங்கு நல்லது.

பகிரவேண்டிய சாமான்களையும் எழுதுங்கள். கீபோர்ட், மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், வெப் கமரா, ஹெட்செட், கைரேகை இயந்திரம், சில மென்பொருள்களுக்குக் குத்தும் டொங்கிள். ஒவ்வொன்றும் ஒரு துளையைப் பிடிக்கும். கூட்டிப் பார்த்து அதற்குமேல் ஒரு துளை கூடுதலாக வையுங்கள்.

2. இரண்டு பேர், ஒரு பிரிண்டர்

பிரிண்டரில் வைஃபையோ, நெட்வேர்க் வயர் குத்தும் துளையோ இருந்தால் சுவிட்ச் வாங்கவேண்டாம். அதை ரவுட்டருடன் இணையுங்கள், எல்லாக் கணினியிலும் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) போடுங்கள், வேலை முடிந்தது. ரவுட்டரில் பிரிண்டருக்கென ஒரு நிலையான ஐபி முகவரியை (நெட்வேர்க்கில் அதை அடையாளம் காட்டும் இலக்கத்தை) ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி, பிரிண்டர் ‘ஓஃப்லைன்’ என்று காட்டும். இந்த ஊரில் ‘பிரிண்டர் பழுது’ என்று சொல்லப்படுவதில் கணிசமான பகுதி இதுதான்.

யூஎஸ்பி மட்டுமே உள்ள பிரிண்டர் என்றால் இரண்டு வழி. ஒரு கணினியில் குத்தி, விண்டோஸின் பகிர்வு வசதியால் மற்றதற்குக் கொடுக்கலாம். செலவில்லை. ஆனால் பிரிண்டர் குத்திய கணினி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். பழைய விண்டோஸும் புதிய விண்டோஸும் கலந்து இருந்தால் இந்த வழியில் நிறைய மல்லுக்கட்டவேண்டும். 2021ஆம் ஆண்டில் வந்த பாதுகாப்பு மேம்படுத்தலுக்குப் பிறகு பகிர்ந்த பிரிண்டரை இணைக்கும்போது பிழைச் செய்தி வருவது பலருக்கும் நடந்தது.

மற்றது, பிரிண்டரையும் இரண்டு கணினியையும் யூஎஸ்பி சுவிட்ச் ஒன்றில் இணைத்து, தேவைப்படுபவர் பட்டனை அமத்துவது. நேரே வயரில் குத்தியதுபோல வேலை செய்வதால் டிரைவர் தகராறு குறைவு. ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டருக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் விண்டோஸ் பகிர்வில் அச்சு மட்டும்தான் போகும், ஸ்கேன் போகாது.

கவனிக்கவேண்டியது ஒன்று. கடைசிப் பக்கம் வெளியே விழும்வரை யாரும் பட்டனைத் தொடக்கூடாது. ஆவணம் கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மாற்றினால் பாதிப் பக்கத்துடன் நிற்கும், சிலவேளை அடுத்து வருவது முழுக்கக் குப்பை எழுத்தாக இருக்கும். வாடிக்கையாளரின் விண்ணப்பப் படிவம் நடுவில் நின்றால் தாளும் நட்டம், மையும் நட்டம். சுவிட்சை இருவரும் பார்க்கக்கூடிய இடத்தில், எந்தக் கணினி என்று காட்டும் விளக்கு தெரியும்படி வையுங்கள்.

3. ஒரே ஆள், இரண்டு கணினி

இங்கேதான் தெரிவுகள் அதிகம். மலிவிலிருந்து விலைகூடியதை நோக்கிப் போகிறேன்.

முதலாவது, மென்பொருள். இரண்டு கணினிக்கும் தனித்தனி மொனிட்டர் இருந்து, கீபோர்டும் மவுஸும் மட்டும் பொதுவாக வேண்டுமென்றால், மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ் தொகுப்பில் ‘மவுஸ் விதவுட் போர்டர்ஸ்’ இருக்கிறது. இலவசம். நான்கு விண்டோஸ் கணினி வரை இணைக்கலாம். மவுஸை ஒரு திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அடுத்த திரைக்குள் போகும், ஒன்றில் கொப்பி செய்ததை மற்றதில் ஒட்டலாம். லினக்ஸோ மக்கோ கலந்திருந்தால் இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ ஆகிய திறந்த மென்பொருள்கள் உண்டு. குறை என்னவென்றால் எல்லாக் கணினியும் ஒரே நெட்வேர்க்கில் இருக்கவேண்டும், ரவுட்டர் நின்றால் இதுவும் நிற்கும். அலுவலக லப்டொப்பில் வெளி மென்பொருள் போட அனுமதி இருக்காது, அங்கே இந்த வழி மூடியது.

இரண்டாவது, பல கணினிக்கு மாறும் கீபோர்டும் மவுஸும். லொஜிடெக்கின் சில மொடல்களில் 1, 2, 3 என்று பட்டன் இருக்கும், மூன்று கணினி வரை மாறலாம். மேசையில் வயரே இருக்காது. ஆனால் கீபோர்டில் ஒரு தடவை, மவுஸில் ஒரு தடவை என்று தனித்தனியாக மாற்றவேண்டும். பிரிண்டருக்கும் கமராவுக்கும் இது உதவாது.

மூன்றாவது, நான் பரிந்துரைப்பது: யூஎஸ்பி சுவிட்சும் மொனிட்டரின் இரண்டு உள்ளீடும். முதல் கணினியின் படம் எச்டிஎம்ஐ ஒன்றில், இரண்டாவதின் படம் மற்றத் துளையில். கீபோர்ட், மவுஸ், பிரிண்டர் எல்லாம் யூஎஸ்பி சுவிட்சில். மாறும்போது சுவிட்சின் பட்டனை ஒரு தடவை, மொனிட்டரின் உள்ளீட்டுப் பட்டனை ஒரு தடவை அமத்தவேண்டும். இரண்டு அமத்தல், அவ்வளவுதான். இதன் பெரிய நன்மை, படம் எந்தப் பெட்டிக்குள்ளாலும் போகாமல் நேரே போகிறது. தெளிவு குறையாது, ரெசலூஷன் மாறாது. இரண்டு அமத்தலும் அலுப்பு என்றால், யூஎஸ்பி சாதனம் வந்துபோவதைக் கவனித்து மொனிட்டர் உள்ளீட்டையும் தானாக மாற்றும் ‘டிஸ்ப்ளே சுவிட்ச்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு மொனிட்டரின் மெனுவில் டிடிசி சிஐ என்பதை (கணினி மொனிட்டருக்குக் கட்டளையிட விடும் வசதி) ஓன் செய்யவேண்டும்.

நான்காவது, கேவிஎம் சுவிட்ச். கீபோர்ட், படம், மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் மாற்றுவது. ஒரு நாளில் ஐம்பது தடவை மாறுபவருக்கும், மொனிட்டரில் ஒரேயொரு உள்ளீடு உள்ளவருக்கும், மூன்று நான்கு கணினி வைத்திருப்பவருக்கும் இது வேண்டும். வாங்கும் முன் நான்கு விஷயம் பார்க்கவேண்டும், அவற்றை அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

மொனிட்டருக்குள்ளேயே கேவிஎம் உள்ளவையும் வருகின்றன. புதிய மொனிட்டர் எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் மொடலின் விபரத்தில் அதைத் தேடிப் பாருங்கள், தனிப்பெட்டி வாங்கும் காசு மிச்சம். நெட்வேர்க் வழியாகத் தூரத்துக் கணினியைக் கட்டுப்படுத்தும் ஐபி கேவிஎம், சேர்வர் அறைகளுக்கானது. நம் மேசைக்கு வேண்டாம்.

4. கேவிஎம் வாங்குவதென்றால் பெட்டியில் பார்க்கவேண்டியவை

படத்தின் அளவு. பெட்டியில் ‘4கே’ (மிகத் துல்லியமான படம்) என்று பெரிதாக இருக்கும். அது 30 ஹேர்ட்ஸா 60 ஹேர்ட்ஸா, அதாவது விநாடிக்குப் படம் எத்தனை தடவை புதுப்பிக்கப்படும் என்று சிறிய எழுத்தில் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே படம் 30 ஹேர்ட்ஸில்தான் வரும், மவுஸ் இழுபட்டு நகர்வது கண்ணுக்குத் தெரியும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 வேண்டும். ஆனால் உங்கள் மொனிட்டர் சாதாரண 1920க்கு 1080 என்றால் மலிவானதே தாராளம். இல்லாத 4கேக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

ஈடிஐடி எமுலேஷன். இதைப்பற்றிக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அன்றாடம் எரிச்சல் தருவது இதுதான். மொனிட்டர் தன் அளவையும் திறனையும் கணினிக்குச் சொல்லும் தகவல் ஈடிஐடி. மலிவான கேவிஎம்மில் மற்றக் கணினிக்கு மாறியவுடன், விட்டுவந்த கணினிக்கு மொனிட்டரைப் பிடுங்கிவிட்டதாகவே தெரியும். திரும்பி வரும்போது திறந்து வைத்த ஜன்னல்கள் எல்லாம் இடம் மாறிக் குவிந்திருக்கும், சிலவேளை படம் பெரிதாகி மங்கலாக வரும். லப்டொப் என்றால் மூடிய மூடியுடன் தூங்கியே போய்விடும். ஈடிஐடி எமுலேஷன் உள்ள பெட்டி, மொனிட்டர் இன்னும் இருக்கிறது என்று இரண்டு கணினிக்கும் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். விலை கூடும், தரும் காசுக்குப் பெறுமதி உண்டு. விற்பனைப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லையென்றால் அந்த வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்ட் துளை. பல கேவிஎம்களில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் தனித்துளை இருக்கும். ஸ்க்ரோல் லொக் விசையையோ கொன்ட்ரோல் விசையையோ இரண்டு தடவை தட்டிக் கணினியை மாற்றும் வசதி அந்தத் துளையில்தான் வேலை செய்யும். ஆனால் நிறைய விசையும் விளக்கும் உள்ள கேமிங் கீபோர்டுகள் அந்தத் துளையில் மக்கர் பண்ணும். அப்போது கீபோர்டைச் சாதாரண யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் வேலை செய்யும், விசையால் மாற்றும் வசதி மட்டும் போகும். புதிய சின்னக் கீபோர்டுகளில் ஸ்க்ரோல் லொக் விசையே இருப்பதில்லை, அதையும் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்கள், மொழி மாற்ற நீங்கள் வைத்திருக்கும் குறுக்கு விசையும் இதுவும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கீபோர்ட் ஒன்றானாலும் தமிழ் விசையமைப்பு ஒவ்வொரு கணினிக்குள்ளும்தான் இருக்கிறது. ஒன்றில் பாமினி முறையும் மற்றதில் ரெங்கநாதன் முறையும் இருந்தால் மாறி மாறித் தடுமாறுவீர்கள். முதல் நாளே இரண்டிலும் ஒரே முறையை வைத்துவிடுங்கள்.

யூஎஸ்பி வேகம். கீபோர்ட், மவுஸ், பிரிண்டர், ஸ்கேனருக்கு யூஎஸ்பி 2.0 போதும், அதன் உச்ச வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சுவிட்ச் வழியாகத்தான் பாவிக்கவேண்டும் என்றால் மட்டும் 3.0க்குப் போங்கள், ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, காரணம் 8ஆம் பகுதியில். 3.0 பெட்டிக்குப் பக்கத்தில் வயரில்லா மவுஸின் குட்டி ரிசீவரைக் குத்தினால் மவுஸ் திணறும், ஏனென்றால் அந்த வயர்களிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றில் ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரி.

டைப் சி மட்டும் உள்ள லப்டொப்காரர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தத் துளையால் படம் வருமா? எல்லா டைப் சி துளையாலும் படம் வராது. துளைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் அடையாளமோ தண்டர்போல்ட் மின்னல் அடையாளமோ இருந்தால் வரும். இல்லாவிட்டால் லப்டொப்பின் விபரக் குறிப்பைப் பார்த்த பிறகே காசைக் கையில் எடுங்கள்.

5. பெயரால் வரும் குழப்பம்

கடையில் போய் “சுவிட்ச் ஒன்று வேணும்” என்றால், “அஞ்சு போர்ட்டோ எட்டுப் போர்ட்டோ அண்ணா?” என்று கேட்டு நெட்வேர்க் சுவிட்சை எடுத்து வைப்பார்கள். அது இணைய வயரைப் பிரிப்பது, வேறு சாமான். “ஒரு கீபோர்டை இரண்டு கணினிக்குப் பாவிக்கிற யூஎஸ்பி சுவிட்ச்” என்று முழுதாகச் சொல்லுங்கள்.

யூஎஸ்பி ஹப் என்பது ஒரு கணினியில் பல சாமானைக் குத்துவதற்கு. அதை இரண்டு கணினிக்கு நடுவில் வைக்கமுடியாது. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்பது ஒரு கணினியின் படத்தை இரண்டு திரையில் காட்டுவது, உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இரண்டு பக்கமும் வேலை செய்யும் எச்டிஎம்ஐ சுவிட்ச் என்று சின்னப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதில் படம் மட்டும்தான் மாறும், கீபோர்ட் மாறாது. மொனிட்டரில் ஒரே உள்ளீடு இருந்து, கேவிஎம்முக்குக் காசு போதாதவர்கள் இதையும் யூஎஸ்பி சுவிட்சையும் சேர்த்து வாங்கலாம்.

சில மலிவு யூஎஸ்பி சுவிட்சுகளில் கணினிக்குப் போகும் வயரின் இரண்டு முனையும் சாதாரணத் தட்டை யூஎஸ்பியாக இருக்கும். அந்த வயரை எடுத்து இரண்டு கணினியை நேரடியாக ஒருபோதும் இணைக்காதீர்கள், துளை எரியலாம். பெட்டிப் பக்கம் சதுர முனையோ டைப் சியோ உள்ள சுவிட்சாகப் பார்த்து எடுங்கள். பிரிண்டரின் சதுர முனை வயர் எந்தக் கடையிலும் கிடைக்கும், பழுதானால் மாற்றுவது சுகம்.

6. காசும் காலமும்

டொலருடன் விலையும் ஏறி இறங்கும் என்பதால் சரியான தொகை எழுதிப் பயனில்லை. ஒப்பீட்டைச் சொல்கிறேன். சாதாரண யூஎஸ்பி 2.0 சுவிட்சை ஒரு பங்கு என்று வைத்தால், யூஎஸ்பி 3.0 சுவிட்ச் ஏறக்குறைய இரண்டு மூன்று பங்கு, விஜிஏ கேவிஎம் இரண்டு பங்கு, எச்டிஎம்ஐ கேவிஎம் நான்கு ஐந்து பங்கு. 4கே 60 ஹேர்ட்ஸ், ஈடிஐடி, டிஸ்ப்ளே போர்ட் என்று சேரச்சேர அது பத்துப் பங்கையும் தாண்டும்.

வயர்ச் செலவை மறக்கவேண்டாம். பல பெட்டிகளில் வயர் இருக்காது. இரண்டு கணினி எச்டிஎம்ஐ கேவிஎம்முக்கு எச்டிஎம்ஐ வயர் மூன்று, யூஎஸ்பி வயர் இரண்டு வேண்டும். மொனிட்டருடன் ஏற்கெனவே ஒன்று இருக்கும், மற்றவை புதுச் செலவு. வயர் நீளமாக எடுத்தால் வசதி என்று நினைக்கத் தோன்றும், ஆனால் யூஎஸ்பி 2.0 வயர் 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும், 3.0 என்றால் 2 மீட்டருக்குள் வைப்பது பாதுகாப்பு. சுவிட்சுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வயரையும் எண்ணிக் குட்டையாகவே எடுங்கள்.

விலை கேட்கும்போது வற் வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். 2024 முதல் அது 18 வீதம். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளில் 1,800 ரூபாய் பிறகு வந்து சேர்ந்தால் மனம் நோகும்.

யூஎஸ்பி சுவிட்சும் எச்டிஎம்ஐ சுவிட்சும் திருகோணமலை நகரத்துக் கணினிக் கடைகளிலேயே கேட்டுப் பாருங்கள். கையிருப்பில் இல்லையென்றாலும் எடுப்பித்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரம் பல கடைகள் பூட்டியிருக்கும், கிண்ணியா, மூதூரிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்து வாருங்கள். நல்ல கேவிஎம்முக்குக் கொழும்புதான், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கூரியரில் வரச் சில நாள் வையுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஓடர் போட்டால் தாமதம் நிச்சயம். உத்தரவாதத்தில் மாற்றவேண்டி வந்தால் பெட்டி திரும்பக் கொழும்புக்குப் போய், பரிசோதித்து, வரவேண்டும். வாரக்கணக்கில் போகும். அந்த இடைவெளியில் வேலை நிற்காமலிருக்க, பழைய கீபோர்டையும் மவுஸையும் எறியாமல் வைத்திருங்கள்.

7. பத்திரங்கள்

பற்றுச்சீட்டில் வெறுமனே ‘சுவிட்ச் 1’ என்று எழுதினால் ஏற்கவேண்டாம். மொடல் இலக்கம், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம், திகதி, கடை முத்திரை எல்லாம் இருக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. மறுத்தால் அச்சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கடைப் பற்றுச்சீட்டு வெப்பத் தாளில் அடிப்பது, நம் ஊர் வெயிலுக்குச் சில மாதத்தில் எழுத்து அழிந்துவிடும். வாங்கிய அன்றே ஃபோட்டோ கொப்பி எடுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த பஞ்சையும் உத்தரவாதம் முடியும்வரை வைத்திருங்கள். தொடர் இலக்க ஸ்டிக்கரை உரிக்கவேண்டாம். கூரியரில் வந்தால், பொதியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள்.

பாடசாலைக்கோ சங்கத்துக்கோ வாங்குபவர்கள் வழக்கமாக மூன்று விலைமனு எடுக்கவேண்டியிருக்கும். விபரம் இல்லாமல் கேட்டால் மூன்று கடையும் மூன்று வேறு சாமானுக்கு விலை தரும், பிறகு மிகக் குறைந்த விலையைத் தெரிய நேரும், அது உங்களுக்கு உதவாத பெட்டியாக இருக்கும். கடிதத்தில் இப்படி எழுதலாம்: “இரண்டு கணினிகளுக்கு ஒரு மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், பிரிண்டர் ஆகியவற்றைப் பகிரும் கேவிஎம் சுவிட்ச் 1. எச்டிஎம்ஐ, 1920க்கு 1080 அளவில் 60 ஹேர்ட்ஸ், ஈடிஐடி எமுலேஷன் உள்ளது, குறைந்தது நான்கு யூஎஸ்பி துளை, தேவையான எல்லா வயர்களும் உட்பட, ஒரு வருட உத்தரவாதம், வற் உட்பட்ட விலை.” தேவைக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ‘வயர்கள் உட்பட’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடவேண்டாம்.

8. பொருத்தும் ஒழுங்கு

எல்லாவற்றையும் நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் மொனிட்டர் வயரைப் பெட்டியின் வெளியீட்டில், பிறகு கீபோர்ட், மவுஸ், பிரிண்டர். அதற்குப் பிறகு முதல் கணினியின் படமும் யூஎஸ்பியும் ‘1’ என்ற இடத்தில், இரண்டாவதின் இரண்டும் ‘2’ என்ற இடத்தில். படம் 1இலும் யூஎஸ்பி 2இலும் போனால் திரையில் ஒரு கணினி தெரியும், தட்டுவது மற்றதில் விழும். வயரின் இரு முனையிலும் துண்டு ஒட்டுப்போட்டு எழுதிவையுங்கள். கடைசியாக மொனிட்டர், பெட்டி, கணினி என்ற ஒழுங்கில் ஓன் செய்யுங்கள்.

பிரிண்டர் டிரைவரை ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போடவேண்டும். கணினிப் பக்கத்து யூஎஸ்பி வயரை ஒரே துளையில் நிரந்தரமாக வைத்திருங்கள். துளையை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டராக நினைத்து ‘கொப்பி 1’ என்று இன்னொன்றை உருவாக்கும், அச்சுக் கட்டளை பழையதற்குப் போய் வரிசையில் தூங்கும்.

பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் சுவிட்சில் குத்தவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டனை அமத்துவது கணினிக்கு வயரைப் பிடுங்குவதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மாறினால் கோப்பு பழுதாகும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் என்றால் வைரஸும் இரண்டு கணினிக்கும் போய்ச்சேரும். அவற்றை ஒரு கணினியில் நேரே குத்துங்கள்.

சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்சாரம் 500 மில்லி அம்பியர். சுவிட்சில் நாலு சாமான் சேர்ந்தால் அதற்குள் பங்கிடவேண்டும். கமராவும் ஸ்கேனரும் இடையிடையே அறுந்துபோனால் காரணம் பெரும்பாலும் இதுதான். அடப்டர் குத்தும் துளை உள்ள பெட்டியானால் அதைக் குத்துங்கள். ஆனால் மேசைக்குக் கீழே கிடக்கும் ரவுட்டர் அடப்டரை முனை பொருந்துகிறதே என்று குத்தக்கூடாது. 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் அத்துடன் முடிந்தது, உத்தரவாதமும் கிடைக்காது.

9. கடற்காற்றும் இடிமின்னலும்

நம் நகரம் இரண்டு பக்கமும் கடலுக்கு நடுவில் இருக்கிறது. உப்புக்காற்று யூஎஸ்பி முனைகளையும் எச்டிஎம்ஐ முனைகளையும் மெல்ல மெல்ல அரிக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னும் வேகம். இதனால்தான், உள்ளே உலோகத் தொடுகை நேரடியாக மாறும் பொறிமுறைச் சுவிட்சைவிட, மின்னணுச் சிப்பால் மாற்றும் சுவிட்சை எடுக்கச் சொல்கிறேன். அமத்தினால் ‘டக்’ என்று உள்ளே போய் நிற்கும் பட்டன் பெரும்பாலும் முதல் வகை, மெல்லத் தொட்டால் விளக்கு மாறுவது இரண்டாவது வகை. பாவிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை, மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் முனைகளைத் துடையுங்கள். பெட்டியை ஜன்னலுக்குக் கீழே வைக்கவேண்டாம்.

மின்னலை இன்னும் கவனமாகப் பாருங்கள். முன்பு தனித்தனியாக இருந்த கணினிகளை இப்போது ஒரே உலோக வயரால் கட்டிவிட்டீர்கள். இணைய வயர் வழியாகவோ மின்வயர் வழியாகவோ ஒன்றுக்குள் வரும் அதிர்ச்சி, சுவிட்ச் வழியாக மற்றதற்கும் மொனிட்டருக்கும் போகலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் இருண்டால் பிளக்குகளையும் ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. எல்லாக் கணினியையும் எர்த் உள்ள ஒரே மல்டி பிளக்கில் குத்துவது நல்லது. கணினிகள் வேறு வேறு சொக்கெட்டிலிருந்து வந்தால், ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும் வாய்ப்பும் உண்டு. யூபிஎஸ் இருந்தால் மொனிட்டர், கணினி, சுவிட்சின் அடப்டர் மூன்றும் அதில் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் குத்தவேண்டாம், சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

10. வேலை செய்யவில்லையா?

திரை கறுப்பாக இருந்தால் பெட்டியைத் திட்டமுன், கணினியை நேரே மொனிட்டரில் குத்திப் பாருங்கள். படம் வந்தால் கணினி நலம். பிறகு ஒவ்வொரு வயராக மாற்றிப் பாருங்கள், பழைய எச்டிஎம்ஐ வயர்தான் பெரும்பாலும் கள்ளன். பெட்டியின் எல்லா வயரையும் கழற்றி ஒரு நிமிடம் விட்டு மீண்டும் குத்தினாலும் பல தடவை சரிவரும்.

மாறிய பிறகு கீபோர்ட் வர இரண்டு மூன்று விநாடி எடுப்பது வழமை, பழுதல்ல. அதற்கு மேலும் வராவிட்டால், கணினிப் பக்கத்து யூஎஸ்பி முனையை வேறு துளைக்கு மாற்றுங்கள், முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளை உறுதி. கீபோர்ட் வருகிறது, பிரிண்டர் மட்டும் வரவில்லை என்றால் கீபோர்டையும் மவுஸையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிரிண்டரை முதலில், பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தச் சாமானைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அதற்கு நேரடித் துளை கொடுங்கள். எல்லாம் பார்த்தும் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து வேலை செய்யவில்லை என்றால், முதல் கணினியை 2ஆம் இடத்திலும் இரண்டாவதை 1ஆம் இடத்திலும் மாற்றிக் குத்துங்கள். குறை கணினியுடன் சேர்ந்து நகர்ந்தால் குறை கணினியில், அதே இடத்தில் நின்றால் பெட்டியில். பெட்டியில் என்றால் அந்தச் சோதனையை வீடியோ எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியுடன் அன்றைக்கே கடைக்கு அனுப்பிவிடுங்கள்.